‘இந்த ரோட்டுக்குத் தார் போடாதீங்க!’ - இத்தாலியின் குன்றின் மேல் ஊர்களை சைக்கிளிலும் நடந்தும் பார்ப்பது ஏன்? எப்படி? முழு விவரம்

நம்ம ஊரில் தார் ரோடு கேட்டு சாலை மறியல் நடக்கும். மனு கொடுப்பார்கள், தேர்தல் புறக்கணிப்பு என்று பேனர் கட்டுவார்கள். ஆனால் இத்தாலியில் ஒரு பகுதியில் கதையே தலைகீழ். ‘எங்கள் மண் ரோட்டுக்குத் தார் போடாதீங்க’ என்பதுதான் அங்கே கோரிக்கை. அதைச் சொல்வதற்காகவே சிலர் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இன்று அந்த மண் ரோட்டைப் பார்க்கவும், அதில் சைக்கிள் ஓட்டவும், நடக்கவும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

அந்த இடம் மத்திய இத்தாலியின் டஸ்கனி மாநிலம். குறிப்பாக சியன்னா நகரத்தைச் சுற்றியுள்ள பகுதி. அலை அலையாகக் குன்றுகள். ஒவ்வொரு குன்றின் தலையிலும் மதில் சுவரோடு ஓர் ஊர். ஊரையும் ஊரையும் இணைக்கும் வெள்ளை நிற மண் சாலைகள். 700, 800 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அதே அமைப்பு.

ஐரோப்பாவின் வளமான நாடுகளில் ஒன்றில் இது எப்படி மிச்சம் இருந்தது? இந்த ஊர்களை காரிலோ பஸ்ஸிலோ பார்க்காமல் நடந்தும் சைக்கிளிலும் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்? (கவனிக்க: இங்கே சொல்வது மோட்டார் பைக் இல்லை, மிதிக்கிற சைக்கிள்.) ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஊரை ஏன் குன்றின் உச்சியில் கட்டினார்கள்?

தண்ணீர் கீழே இருக்கிறது, வயல் கீழே இருக்கிறது. வீட்டை மட்டும் ஏன் மேலே கட்ட வேண்டும்? இதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பயம். ரோமப் பேரரசு விழுந்த பிறகு நூற்றாண்டுக் கணக்கில் படையெடுப்பும் கொள்ளையும் இருந்தன. உச்சியில் இருந்தால் வருபவரை தூரத்திலேயே பார்த்துவிடலாம். மதில் கட்டுவதும் சுலபம். 10, 11-ம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் பல பகுதிகளில் மக்கள் இப்படி மேட்டில், கோட்டைக்குள் குடியேறினார்கள்.

இரண்டாவது காரணம், கொசு. டஸ்கனியின் தெற்கே மரேம்மா, கிழக்கே கியானா பள்ளத்தாக்கு போன்ற தாழ்வான இடங்கள் அப்போது சதுப்பு நிலங்கள். மலேரியா அங்கே சர்வ சாதாரணம். காரணம் கொசு என்று அன்றைக்குத் தெரியாது. கெட்ட காற்று என்று நினைத்தார்கள். மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பதிலிருந்து வந்ததுதான். மேலே போனால் நோய் குறைகிறது என்பது மட்டும் அனுபவத்தில் தெரிந்தது.

இதற்கெல்லாம் முன்பே, ரோமானியர்களுக்கும் முந்தைய எட்ருஸ்கர்கள் இதே குன்றுகளில் பல ஊர்களை வைத்திருந்தார்கள். ஆக, பல ஊர்களுக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.

79 இடங்கள்: ஒரு பேராயர் எழுதிய லிஸ்ட்

ஊர் மட்டும் இருந்தால் போதாது. அது பிழைக்க வழி வேண்டும். இந்த ஊர்களுக்கு அந்த வழியைக் கொடுத்தது நிஜமாகவே ஒரு வழிதான். அதன் பெயர் வியா ஃப்ரான்சிஜெனா. ‘ஃபிராங்குகளின் நாட்டிலிருந்து வரும் பாதை’ என்று பொருள். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருந்து ரோமுக்கு வரும் யாத்ரீகர்களும் வியாபாரிகளும் படைகளும் நடந்த பாதை இது.

990-ம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் சிஜெரிக், போப்பைச் சந்திக்க ரோமுக்கு வந்தார். திரும்பிப் போகும் வழியில் இருந்த 79 தங்குமிடங்களின் பெயர்ப் பட்டியல் எழுதிவைக்கப்பட்டது. வெறும் ஊர்ப் பெயர்கள்தான், வர்ணனை எதுவும் இல்லை. ஆனால் இன்றைக்கு அந்தப் பாதையை மறுபடி கண்டுபிடிக்க உதவியது அந்த லிஸ்ட்தான். சான் ஜிமின்யானோ, சியன்னா இரண்டும் அதில் இருக்கின்றன.

கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை சுமார் 1,700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 79-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். அதாவது, ஒரு மனிதர் ஒரு நாளில் நிதானமாக நடக்கக்கூடிய தூரம். இந்தப் பாதையில் ஊர்கள் அமைந்திருக்கும் இடைவெளியைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். காலையில் கிளம்பியவர் பொழுது சாயும் முன் அடுத்த மதில் வாசலுக்குள் போய்விட வேண்டும்.

நடந்து வந்தவருக்குச் சாப்பாடு வேண்டும், படுக்கை வேண்டும், செருப்பு தைக்க ஆள் வேண்டும், பணம் மாற்ற ஆள் வேண்டும். இப்படித்தான் சியன்னா வளர்ந்தது. வங்கித் தொழிலிலும் பெயர் எடுத்தது. அங்கே பேராலயத்துக்கு எதிரே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. யாத்ரீகர்களுக்கு இடம் கொடுத்த சத்திரம், நோயாளிகளுக்கு மருத்துவமனை, அனாதைக் குழந்தைகளுக்குக் காப்பகம் என எல்லாமாகவும் இருந்த இடம். 20-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை மருத்துவமனையாகவே இயங்கியது. இப்போது அருங்காட்சியகம்.

பாதையில் காசு புரண்டதும் பக்கத்து ஊருடன் சண்டையும் வந்தது. சியன்னாவுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. ஃப்ளோரன்ஸ் படை வரும் வழியைக் காவல் காக்க சியன்னா கட்டிய கோட்டைதான் மொன்டெரிஜோனி. 1213-ல் வேலை தொடங்கியது. வட்ட வடிவ மதில், அதில் 14 கோபுரங்கள், உள்ளே கைப்பிடி அளவு ஊர். மதிலின் சுற்றளவே அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். தாந்தே தன் ‘நரகம்’ காவியத்தில், கிணற்றைச் சுற்றி நிற்கும் ராட்சதர்களுக்கு உவமையாகச் சொன்னது இந்தக் கோபுரங்களைத்தான்.

சான் ஜிமின்யானோவில் சண்டை ஊருக்குள்ளேயே. பணக்காரக் குடும்பங்கள் ‘உன் கோபுரம் உசரமா, என் கோபுரம் உசரமா’ என்று போட்டி போட்டுக் கட்டின. ஒரு கட்டத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். இன்று மிச்சம் இருப்பவை 14. அதில் உயரமானது 54 மீட்டர்.

அப்புறம் ஏன் இந்த ஊர்கள் வளரவே இல்லை?

1348. கொள்ளை நோய். ‘கறுப்பு மரணம்’ என்று வரலாறு சொல்லும் பிளேக்.

நோயும் இதே பாதையில்தான் நடந்து வந்தது. சியன்னாவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அன்றைய நிகழ்வுகளைக் குறித்துவைத்த அஞ்ஞோலோ தி துரா என்பவர், தன் 5 பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதியிருக்கிறார்.

அதற்கு 9 ஆண்டுகள் முன்புதான் சியன்னா தன் பேராலயத்தைப் பிரமாண்டமாக விரிவாக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. பிளேக் வந்தது, வேலை நின்றது. மறுபடி முழுதாகத் தொடங்கவே இல்லை. பாதியில் நின்ற அந்தச் சுவரை இன்றும் பார்க்கலாம். சான் ஜிமின்யானோ 1353-ல் ஃப்ளோரன்ஸின் ஆட்சிக்குக் கீழ்ப்பட்டது. சியன்னாவும் 1555-ல் விழுந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதுசாகக் கட்டப் பல ஊர்களில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இன்று நாம் ‘அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்களே’ என்று வியப்பதில் பெரும் பங்கு அந்த வறுமைக்கும் உண்டு.

சுவரில் ஒரு பாதை

பிளேக்குக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1338-39-ல், சியன்னாவின் அரண்மனைச் சுவரில் ஓவியர் அம்ப்ரோஜோ லோரென்செட்டி ஓர் ஓவியம் வரைந்தார். ‘நல்லாட்சி, தீய ஆட்சி’ என்பது அதன் விஷயம். ஊரை அப்போது ஆண்ட 9 பேர் குழு கூடும் அறை அது. அவர்கள் கண்ணில் தினமும் படட்டும் என்றே வரையப்பட்டது.

நல்லாட்சிச் சுவரில் என்ன இருக்கிறது? ஊர், மதில் வாசல், வாசலைத் தாண்டி இறங்கும் பாதை, சுற்றிலும் வயல்கள். விவசாயி ஒருவர் பன்றியை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் ஏறுகிறார். கழுதைகளில் மூட்டை வருகிறது. குதிரையில் சிலர் வெளியே இறங்குகிறார்கள். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது. எதிர்ச்சுவரில் தீய ஆட்சி. அங்கே வயல்கள் பாழ், பாதையில் ஆயுதம் ஏந்தியவர்கள்.

ஒரு ஊர் நன்றாக ஆளப்படுகிறதா என்று தெரிய வேண்டுமா? அதன் பாதையில் சாதாரண ஆள் பயமில்லாமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். ஓவியம் சொல்லும் சேதி அவ்வளவுதான். லோரென்செட்டியும் 1348 பிளேக்கிலேயே இறந்ததாகக் கருதப்படுகிறது. அவர் வரைந்தது போன்ற பாதைகளில் இன்னும் நடக்க முடிகிறது என்பதுதான் இந்தப் பகுதியின் தனிச்சிறப்பு.

மண் ரோடு எப்படித் தப்பியது?

டஸ்கனியின் கிராமங்களில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது மெட்ஸாத்ரியா என்ற முறை. நம்ம ஊர் வாரச் சாகுபடி மாதிரி. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் பாதி பாதி. ஒவ்வொரு குடும்பமும் ஊருக்கு வெளியே தன் வயலுக்கு நடுவிலேயே கல் வீட்டில் இருந்தது. அந்த வீடுகளை இணைக்க, சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் போட்ட சாலைகள் வந்தன. கல்லின் நிறத்தால் அவை வெள்ளையாக இருக்கும். அதனால் பெயர் ‘ஸ்த்ராடே பியாங்கே’. அதாவது, வெள்ளைச் சாலைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்கள் போடவே கூடாது என்று சட்டம் வந்தது. கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத வீட்டுக்குப் போகிற ரோட்டுக்கு யார் தார் போடப் போகிறார்கள்? பல சாலைகள் தப்பிப் பிழைத்தது இப்படித்தான்.

பிறகு ஆட்கள் திரும்ப வந்தார்கள். பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்க வைக்கும் தொழிலுக்கு 1985-ல் தனிச் சட்டம் வந்தது. கியாந்தி பகுதியின் ஒயினுக்கும் கிராக்கி ஏறியது. கூடவே தார் ரோடும் வரத் தொடங்கியது.

அப்போதுதான் 1997-ல், கயோலே என்ற சிற்றூரில், ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் முன்னெடுத்து லெரோயிக்கா என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் வந்தது 92 பேர். நோக்கம் பந்தயம் இல்லை. பழைய காலத்து சைக்கிள் ஓட்டத்தின் கஷ்டத்தையும் அழகையும் திரும்பக் கொண்டுவர வேண்டும், கூடவே இந்த வெள்ளைச் சாலைகளைக் காப்பாற்ற வேண்டும். விதிகள் சுவாரஸ்யமானவை. 1987-க்கு முந்தைய மாடல் ரேஸ் சைக்கிள், அந்தக் காலத்துக் கம்பளி ஜெர்சி. வழியில் எனர்ஜி ட்ரிங்க் கிடையாது. ரொட்டியும் பீன்ஸும் போட்டுக் காய்ச்சிய ‘ரிபோலித்தா’ சூப்பும் உள்ளூர் ஒயினும்தான்.

இன்று ஒவ்வொரு அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 209 கிலோமீட்டர் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது, வழிகாட்டிப் பலகைகளுடன். லெரோயிக்காவின் தாக்கத்தால் 2007-ல் தொழில்முறை வீரர்களுக்கான ‘ஸ்த்ராடே பியாங்கே’ பந்தயமும் தொடங்கியது. இப்போது மார்ச் மாதம் நடக்கிறது. 2015 முதல் பெண்களுக்கும் உண்டு. புழுதி படிந்த முகத்தோடு வீரர்கள் சியன்னாவின் சாந்தா கத்தரீனா தெருவில் 16 சதவீதம் வரை செங்குத்தான ஏற்றத்தில் மிதித்து ஏறி, காம்போ சதுக்கத்தில் பந்தயத்தை முடிப்பார்கள்.

தார் போடாமல் விட்டதால் உருப்படாமல் போகும் என்று நினைத்த ரோடு, உலகமே டிவியில் பார்க்கும் ரோடாகிவிட்டது.

காரில் போனால் என்ன குறை?

போகலாம். ஆனால் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, ஊருக்குள் கார் போகாது. பெரும்பாலான பழைய ஊர்களில் மதிலுக்கு உள்ளே அனுமதியில்லாத வாகனங்கள் நுழையத் தடை. நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும், அபராதம் வீடு தேடி வரும். சியன்னா தன் மையப் பகுதியை 1960-களிலேயே கார்களுக்கு மூடிய ஊர்.

இரண்டு, வேகம். இந்த ஊர்களின் தூரக் கணக்கே நடைக்கு ஏற்றது. சான் ஜிமின்யானோவின் கோபுரங்கள் முதலில் விரல் அளவில் தெரியும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் மறையும். ஏறினால் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். இப்படி மூன்று, நான்கு முறை நடந்த பிறகுதான் வாசல் வரும். நடந்து வந்த வியாபாரிக்குத் தங்கள் செல்வத்தைக் காட்டத்தான் அந்தக் கோபுரங்களே. காரில் போனால் பார்க்கிங்கில் இறங்கியதும் தலைக்கு மேலே நிற்கும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஊரின் கதி. பகலில் பஸ்ஸில் வந்து, இரண்டு மணி நேரம் சுற்றி, செல்ஃபி எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கிளம்பும் கூட்டம் ஊருக்கு விட்டுச் செல்வது குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி மளிகைக்கடை நினைவுப் பொருள் கடையாகிறது, வீடு வாடகை அறையாகிறது. உள்ளூர்க்காரர் பால் வாங்கவே கீழே இறங்கிப் போக வேண்டிய நிலை. கடைசியில் அவரும் கீழேயே குடியேறிவிடுகிறார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டஸ்கனிக்கு வெளியே, பக்கத்து லாட்ஸியோ மாநிலத்தில் ஓர் உதாரணம் உண்டு. சிவிதா தி பாஞ்ஞோரேஜோ. களிமண் மேல் நிற்கும் எரிமலைச் சாம்பல் பாறையில் கட்டிய ஊர். மழையிலும் நிலச்சரிவிலும் குன்று கரைந்துகொண்டே வருகிறது. ‘சாகும் ஊர்’ என்றே அதற்குப் பெயர். போக ஒரே வழி, நடைபாலம். 2013 முதல் உள்ளே போக டிக்கெட். ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ஆனால் நிரந்தரமாக வசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சியன்னா மாகாணத்திலேயே ராடிகொண்டோலி என்ற சிற்றூர், புதிதாகக் குடியேறுபவர்களுக்கு வீடு வாங்கவும் வாடகைக்கும் நிதியுதவி தருகிறது. ‘வந்து பாருங்க’ என்று அழைக்கும் ஊர்களுக்கு நடுவே, ‘வந்து குடியிருங்க’ என்று கேட்கும் ஊர்.

நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் இதையெல்லாம் மாற்றிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், இருட்டும். ராத்திரி தங்கியே ஆக வேண்டும். இடையில் உள்ள பெயர் தெரியாத ஊரிலும் காபி குடிப்பார்கள், ரொட்டி வாங்குவார்கள், டியூப் பஞ்சருக்குக் கடை தேடுவார்கள். 1,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்களை வளர்த்ததும் இதே தேவைகள்தான்.

எந்த வழியில் போகலாம்?

வியா ஃப்ரான்சிஜெனாவை 1994-ல் ஐரோப்பிய கவுன்சில், ஐரோப்பாவின் பண்பாட்டுப் பாதையாக அங்கீகரித்தது. டஸ்கனிக்குள் மட்டும் சுமார் 380 கிலோமீட்டர். எல்லாவற்றையும் நடக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் இருந்தால் நடுப்பகுதி போதும். தூரங்கள் தோராயமானவை.

முதல் நாள்: கம்பாஸி தெர்மே - சான் ஜிமின்யானோ, 13 கி.மீ. ஃப்ளோரன்ஸிலிருந்து ட்ரெய்னில் காஸ்தெல்ஃபியோரென்டினோ வந்து, அங்கிருந்து பஸ். முதல் நாள் குறைவாக நடப்பது நல்லது. மாலையில் டூரிஸ்ட் பஸ்கள் கிளம்பிய பிறகு சான் ஜிமின்யானோ வேறு ஊர் மாதிரி இருக்கும்.

இரண்டாம் நாள்: சான் ஜிமின்யானோ - மொன்டெரிஜோனி, 31 கி.மீ. நீளமான நாள். முடியாதவர்கள் இடையில் கொல்லே தி வால் தெல்ஸாவில் தங்கி, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள்: மொன்டெரிஜோனி - சியன்னா, 21 கி.மீ. காட்டு வழியும் மண் பாதையும்.

நான்காம் நாள்: சியன்னாவில் ஓய்வு. லோரென்செட்டியின் ஓவியம், பாதியில் நின்ற பேராலயம், சாந்தா மரியா தெல்லா ஸ்காலா.

ஐந்து, ஆறாம் நாட்கள்: சியன்னா - பொன்தே தார்பியா, அங்கிருந்து சான் குயிரிகோ. தினம் 26 கி.மீ. நிழல் குறைவான களிமண் குன்றுகள். இதற்குப் பிறகு வருவது 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தோர்ச்சா பள்ளத்தாக்கு. சான் குயிரிகோவுக்குப் பக்கத்தில் பாஞ்ஞோ விஞ்ஞோனி என்ற சிற்றூரில், ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கும்.

சைக்கிள்காரர்களுக்கு வியா ஃப்ரான்சிஜெனாவில் தனிப் பாதையே குறிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைச் சாலையின் ருசி வேண்டுமென்றால் சியன்னாவுக்குத் தென்கிழக்கே, அஷானோ போகும் வழியில் உள்ள மொன்தே சாந்தே மரியே பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். சுமார் 11 கிலோமீட்டர் மண் சாலை. பந்தயத்தை 3 முறை வென்ற சுவிஸ் வீரர் ஃபேபியன் கான்செல்லாராவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. ஏற்ற இறக்கம் அதிகம், புதியவர்கள் இ-பைக் எடுப்பது நல்லது.

மதுரைக்கு வந்தவரின் சொந்த ஊர்

சான் குயிரிகோவிலிருந்து கிழக்கே 10 கிலோமீட்டரில் பியென்ஸா. போப் இரண்டாம் பயஸ் தன் பிறந்த ஊரை 1459-ல் திட்டமிட்டுப் புதுப்பித்து, தன் பெயரையே வைத்தார். அங்கிருந்து இன்னும் 14 கிலோமீட்டர் போனால் மொன்டெபுல்ச்சானோ. ஒயினுக்குப் புகழ் பெற்ற குன்றின் மேல் ஊர்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. தத்துவ போதகர் என்று நாம் அறிந்த ராபர்ட் டி நொபிலியின் குடும்பம் இந்த ஊரைச் சேர்ந்தது. 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்து, தமிழ் உரைநடையின் முன்னோடிகளில் ஒருவரானார். கடைசிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்து, 1656-ல் இறந்தார்.

நடையா, சைக்கிளா: எது பெஸ்ட்?

நடந்தால் காட்டுப் பாதை, ஒற்றையடிப் பாதை, மதில் மேல் நடை எல்லாம் கிடைக்கும். செலவும் குறைவு. யாத்ரீகர் பாஸ்போர்ட் என்ற அட்டை வாங்கிக்கொண்டால் யாத்ரீகர் விடுதிகளில் குறைந்த செலவில் தங்கலாம். போகும் ஊர்களில் முத்திரை குத்தித் தருவார்கள். ரோம் வரை போய், கடைசி 100 கி.மீ. நடந்ததற்கோ 200 கி.மீ. சைக்கிளில் வந்ததற்கோ முத்திரை காட்டினால் சான்றிதழும் உண்டு.

சைக்கிளில் போனால் ஒரு நாளில் இரண்டு, மூன்று ஊர் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ஊரும் உச்சியில் இருப்பதால், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஏற்றம் நிச்சயம். முழங்கால் பிரச்னை இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* சீசன்: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம்மவர்களுக்கே கஷ்டம். மண் சாலையில் நிழல் கிடையாது.

* மழை: களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிள் நகராது. மழை நாளில் தார் ரோட்டு வழியைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

* டயர்: மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாதது நல்லது. இறக்கத்தில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சறுக்கும்.

* தண்ணீர்: ஊர்களில் பொதுக் குழாய் உண்டு. ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

* கடைகள்: சிற்றூர்களில் மதியம் 1 மணிக்கு மேல் மூடி, மாலைதான் திறப்பார்கள். மதியச் சாப்பாட்டை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

* சைவம்: கையால் உருட்டிய பீச்சி பாஸ்தாவை பூண்டு-தக்காளி சாஸுடன் கேட்கலாம். ரிபோலித்தா சூப், பியென்ஸாவின் ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கும். சூப்பில் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

* சாலை விதி: இத்தாலியில் வலப்பக்கம் போக வேண்டும். நம்ம கை பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும், முதல் நாள் கூடுதல் கவனம். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், சுரங்கப் பாதையிலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஹெல்மெட் பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் போடாமல் ஓட்டாதீர்கள்.

* ட்ரெய்ன்: சைக்கிள் குறியிட்ட உள்ளூர் ட்ரெய்ன்களில் தனி டிக்கெட் எடுத்து சைக்கிளை ஏற்றலாம். மடக்கு சைக்கிளுக்கு டிக்கெட் வேண்டாம்.

* வேட்டைக் காலம்: குளிர் தொடங்கும் மாதங்களில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். காட்டு வழியில் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

* விசா: இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். 180 நாட்களில் 90 நாள் வரை தங்கலாம்.

ராத்திரி அங்கேயே தங்குங்கள்

மேலே சொன்ன லிஸ்ட்டில் ஏதாவது ஒன்றை விட்டாலும் சமாளித்துவிடலாம். ஒன்றை மட்டும் விட வேண்டாம். பார்க்கும் ஊர்களில் ஒன்றிலாவது ராத்திரி தங்குங்கள். பிரபலமான ஊரில்தான் தங்க வேண்டும் என்றில்லை. இடையில் வரும் சின்ன ஊரே போதும். பகல் கூட்டம் போன பிறகு வீடுகளில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எந்த கைடும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார். அந்த விளக்குகள் எரியும் வரைதான் அது ஊர். அதற்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம்தான்.